நாள்வழியும் பேரேடும்: மனத்துக்கு எழுதும் கணக்கு

திருநெல்வேலி டவுனில் நயினார்குளத்துக் காய்கறி மண்டி ஒன்றில் என் தகப்பனார் நெடுங்காலம் கணக்கு எழுதிவந்தார். அவர் மேசையில் எப்போதும் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று நாள்வழி. விடியுமுன் முதல் லாரி வந்து நின்றதிலிருந்து கதவடைக்கும்வரை நடப்பதெல்லாம் நடந்த வரிசையிலேயே அதில் ஏறிவிடும்: இறங்கிய தக்காளிப் பெட்டிகள், சுமை இறக்கியவர்களுக்குக் கொடுத்த கூலி, யாரோ கைமாற்றாக வாங்கிப்போன இருநூறு ரூபாய், டீக்கடைப் பாக்கி. மற்றது பேரேடு. அதில் ஆளுக்கொரு பக்கம், இனத்துக்கொரு பக்கம். நாள்வழியில் சிதறிக் கிடப்பவற்றை எடுத்து அவரவர் பக்கத்தில் ஏற்றுவதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலை அவர் ஒதுக்கி வைத்திருந்தார். எழுதியதையே எதற்கு மறுபடியும் எழுத வேண்டும் என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். “நாள்வழியப் பாத்தா என்ன நடந்துச்சுன்னு தெரியும்லே. நாம எங்க நிக்கோம்னு பேரேட்டப் பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

மனத்தெளிவுக்காகக் குறிப்பு எழுதுவதைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு இந்த இரண்டு நோட்டுகளே நினைவுக்கு வருகின்றன. இந்தப் பழக்கத்தை இப்போது ஜர்னலிங் என்கிறார்கள். பெயரைக் கேட்டு அது ஏதோ புதிய வித்தை என்று மலைக்க வேண்டியதில்லை. மேல்நிலை வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலைப் புரட்டினால் ஜர்னலுக்குக் குறிப்பேடு என்றும் லெட்ஜருக்குப் பேரேடு என்றும் இருக்கும். மனத்துக்கு எழுதும் கணக்கிலும் இந்த இரண்டும் உண்டு. அன்றன்றைக்கு மனத்தில் ஓடியதை எழுதி இறக்கிவைப்பது முதல் வேலை. அதனால் கிடைப்பது தெளிவு. சில வாரங்கள் கழித்து எழுதியதைத் திரும்பப் படித்து, இனம் பிரித்து, தன்னைப் பற்றி ஏதேனும் புலப்படுகிறதா என்று பார்ப்பது இரண்டாவது வேலை. அதனால் கிடைப்பது தன்னறிவு. எழுதத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் வேலையோடு நின்றுவிடுகிறார்கள் என்பதும், ஆறு மாதம் எழுதியும் ஒன்றும் விளங்கவில்லை என்று அவர்கள் சலித்துக்கொள்வது அதனால்தான் என்பதும் என் எண்ணம்.

தமிழில் நாட்குறிப்பு எழுதுவது புதிய வழக்கம் அன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்து இடைநிற்பவராக, விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பு, அக்காலத் தென்னிந்திய வரலாற்றை ஆராய்கிறவர்களுக்கு இன்றும் முதன்மையான சான்றுகளில் ஒன்று. நாம் இங்கே பேசுவது அத்தகைய செய்திப் பதிவைப் பற்றி அன்று. புத்தாண்டுக்கு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொண்டுவந்து கொடுக்கும் டைரியில் ‘கேஸ் வந்தது, மோட்டார் ரிப்பேர் 850 ரூபாய்’ என்று எழுதிவைப்பதும் பயனுள்ளதுதான். ஆனால் அந்த 850 ரூபாயை எண்ணிக் கொடுத்தபோது மனம் எந்த நிலையில் இருந்தது என்பது அந்த டைரிக்குத் தெரியாது. நடந்தது ஒரு வரி, நடக்கும்போது உள்ளே ஓடியது மூன்று வரி என்று எழுதினால் அது மனக்குறிப்பு ஆகிவிடும். வேறு யாரும் படிப்பதற்காக எழுதப்படுவதில்லை என்பதால் எழுத்துப் பிழை, சந்திப் பிழை, கோழி கிண்டியதுபோன்ற கையெழுத்து எதைப் பற்றியும் கவலை வேண்டாம்.

எழுதினால் மனம் எப்படித் தெளிகிறது என்பதை விளக்க, அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிச் சந்திப்புக்குக் காலைப் பேருந்தில் வேலைக்கு வரும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கல்லிடைக்குறிச்சி தாண்டுவதற்குள் மகளின் கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வருகிறது. வீரவநல்லூரில், அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கேட்க வேண்டுமே என்பது வருகிறது. சேரன்மகாதேவியில், நேற்று அலுவலகத்தில் மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் சொன்ன ஒரு சொல். பத்தமடை வரும்போது மறுபடியும் கல்லூரிக் கட்டணம். மேலப்பாளையம் கடப்பதற்குள் மூன்றும் ஐந்து சுற்றுச் சுற்றிவிட்டன. ஒன்றாவது முடிந்ததா என்றால் இல்லை. ஒரு நேரத்தில் மனத்தில் ஏந்திவைத்துப் புரட்டிப் பார்க்கக்கூடிய இடம் மிகச் சிறியது. உளவியலார் செயல்படு நினைவு என்று சொல்லும் அந்த இடத்தில் ஏறக்குறைய நான்கு பொருள்களே கொள்ளும். மூன்று கவலைகள் அங்கே குடியேறிவிட்டால் யோசிப்பதற்கு எஞ்சுவது ஒரு மூலைதான். மறந்துவிடக் கூடாதே என்று மனம் அவற்றை மாற்றி மாற்றித் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறது. மூன்றையும் தாளில் எழுதியதும் மறந்துபோகும் என்கிற அச்சம் நீங்குகிறது. மலையாகத் தெரிந்தது ஆறு வரியில் அடங்கியதைக் கண்ணும் பார்க்கிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 57 இளவயதினரைப் படுக்கைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு சாரார் முந்தைய சில நாட்களில் முடித்த வேலைகளை எழுதினர். மற்றொரு சாரார் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினர். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போயினர். பட்டியலை விரிவாக எழுதியவர்கள் இன்னும் விரைவில் தூங்கினர். ஒன்பது நிமிடம் என்ன பெரிது என்று தோன்றலாம். இரவு பன்னிரண்டு மணிக்கு மின்விசிறியின் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மனக்கவலைக்கு நம் பக்கத்தில் சொல்லப்படும் முதல் மருந்து வேறு. “சவத்த விடுங்க அண்ணாச்சி” என்பார்கள். அன்போடு சொல்லப்படும் சொல்தான். அதைச் சொல்ல ஆள் இருப்பதே பெரிய ஆறுதல். ஆனால் விடு என்று கட்டளையிட்டால் மனம் விடுவதில்லை. டேனியல் வெக்னர் என்னும் உளவியலார் 1987இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லி ஐந்து நிமிட நேரம் கொடுத்தார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. அதைவிட வியப்பு, பிறகு நினைக்கலாம் என்று அனுமதி கிடைத்ததும், முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைக் காட்டிலும் அவர்கள் கரடியை அதிகமாக நினைத்தார்கள் என்பது. அமுக்கிவைத்தது அமுக்கிய விசையோடு திரும்பி வருகிறது. எழுதுவது இதற்கு நேரெதிரான வழி. விட முடியாததை விட முயலாமல், அதை உட்காரவைத்து, சொல்ல வந்ததைச் சொல் என்று கேட்டு எழுதிக்கொள்வது.

இந்த வழியைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் கால்கோள் இட்டவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் உளவியலார். டாலஸ் நகரில் அவர் பணியாற்றிய காலத்தில், சாண்ட்ரா பியல் என்பவருடன் சேர்ந்து 46 மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 1986இல் வெளிவந்தது. தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுத வேண்டும், அவ்வளவே. சிலர் அற்பமான பொருள்களைப் பற்றி எழுதினர். மற்றவர்கள் தம் வாழ்க்கையில் நேர்ந்த துயரமான ஒன்றைப் பற்றி எழுதினர். அவர்களிலும் ஒரு குழு நிகழ்ச்சியை மட்டும், ஒரு குழு உணர்ச்சியை மட்டும், ஒரு குழு இரண்டையும் சேர்த்து எழுதியது. அடுத்துவந்த மாதங்களில் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குச் சென்ற கணக்கைப் பார்த்தபோது, இரண்டையும் சேர்த்து எழுதியவர்களே குறைவாகச் சென்றிருந்தார்கள். ஆனால் எழுதிய அன்றைக்கே அவர்களுக்கு மனம் இலேசாகிவிடவில்லை; துயரத்தை எழுதியவர்கள் எழுதி முடித்த கையோடு முன்பைவிட வருத்தமாகவே உணர்ந்தார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுத உட்கார்ந்தவர்கள் இரண்டாம் நாளே நோட்டை மூடிவிடக் கூடும்.

பயனின் அளவையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜோஆன் ஃப்ராட்டரோலி 2006இல் இத்தகைய 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயன் உண்டு, ஆனால் சிறிது என்றே முடிவு கிடைத்தது. எழுதினால் வாழ்க்கையே மாறிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களை நம்பி யாரும் நோட்டு வாங்க வேண்டாம். ஒரு பேனாவுக்கும் நாற்பது பக்க நோட்டுக்கும் கொடுக்கும் காசுக்கு அந்தச் சிறிய பயன் மலிவு என்பதே என் கணக்கு.

எழுதியவற்றுள் எவை பயன் தந்தன என்று பென்னிபேக்கர் பின்னாளில் சொற்களை எண்ணிப் பார்த்தார். நாள் ஆக ஆக, ‘அதனால்’, ‘ஏனென்றால்’, ‘இப்போது புரிகிறது’ என்பவைபோன்ற காரணமும் புரிதலும் காட்டும் சொற்கள் யாருடைய எழுத்தில் பெருகினவோ அவர்களுக்கே பயன் கூடுதலாக இருந்தது. முதல் நாள் எழுதியதையே நான்காம் நாளும் எழுதியவர்களுக்கு அவ்வளவு இல்லை. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நம்மிடம் ‘ஏன்’ என்றும் ‘எதனால்’ என்றும் இரண்டு சொற்கள் உண்டு. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்குது’ என்பது கேள்விக்குறி போட்ட புலம்பல். அதற்கு விடை கிடையாது, ஒப்பாரியின் அடுத்த அடிதான் உண்டு. ‘இன்று காலையிலிருந்து எதனால் எரிச்சலாக இருக்கிறேன்’ என்பது கேள்வி. அதற்கு விடை தேடி மனம் முந்தின நாள் வரைக்கும் நடந்து போய்வரும். நோட்டில் ‘ஏன்’ என்று எழுதியிருக்கும் இடங்களை ‘எதனால்’ என்று திருத்திவிட்டு, மேற்கொண்டு இரண்டு வரி எழுதிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

ஒரே நிகழ்ச்சியை இருவிதமாக எழுதிக் காட்டினால் இன்னும் விளங்கும். மறுவீட்டு விருந்துக்குப் போய்வந்த ஒரு பெண் அன்றிரவு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

‘இன்னைக்கு மனசே சரியில்ல. சொந்தக்காரங்கன்னாலே இப்படித்தான். இனிமே எந்த விசேஷத்துக்கும் போகக் கூடாது.’

இது பொய்யன்று, ஆனால் இதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மூன்று வரியும் தீர்ப்பு. வழக்கு என்ன என்பது எங்கும் இல்லை. அதே இரவில் அவர் இப்படி எழுதியிருக்கலாம்:

‘பந்தியில உக்காந்ததும் பெரிய மைனி, “இன்னும் அதே வாடகை வீடுதானாட்டி?”ன்னு கேட்டாவ. அப்பதான் இலையில சொதி ஊத்திக்கிட்டிருந்தாங்க. பக்கத்துல சம்பந்தி வீட்டு ஆளுங்க. கழுத்துப் பக்கம் சூடாச்சு. சிரிச்சு வச்சேன். பொறவு என்ன சாப்பிட்டேன்னே தெரியல. வீட்டுக்கு வந்து பையனத் திட்டினேன். அவன் செருப்பைத் தள்ளி விட்டிருந்தான், அவ்வளவுதான்.’

இரண்டாவதில் தீர்ப்பே இல்லை; இடம், ஆள், சொன்ன சொல், உடம்பில் தோன்றிய மாற்றம், அதன் பிறகு செய்த செயல் என்று ஐந்தும் இருக்கின்றன. மைனியின் கேள்விக்கும் பையன் வாங்கிய திட்டுக்கும் நடுவே ஒரு கயிறு ஓடுவது எழுதியவருக்கே தெரிந்துவிடுகிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் என்கிற முடிவும் தானாகவே சுருங்கி, ஒரு மைனி, ஒரு கேள்வி, பக்கத்தில் இருந்த சிலர் என்கிற அளவுக்கு வந்துவிடுகிறது.

அடுத்து, வந்த உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது. மேற்படி நிகழ்ச்சிக்கு என்ன பெயர் என்று கேட்டால் பெரும்பாலோர் கோபம் என்பார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு களங்களில் பிறக்கும் என்று முப்பத்திரண்டாகப் பிரிக்கிறது. வெகுளி பிறக்கும் இடங்களாக அது காட்டுபவை உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுத்தல், சுற்றத்துக்குக் கேடு சூழ்தல், அடித்தல், கொல்லுதல் என்கிற வகை. பிறரால் இகழப்படும் இளிவோ, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றோடு சேர்ந்து, அழுகையின் கீழ் முதலாவதாக வைக்கப்பட்டிருக்கிறது. மைனி கேட்ட கேள்வியால் வந்தது கோபம் அன்று, அழுகை என்று இந்த நூல் சொல்கிறது எனலாம். கோபம் என்று பெயர் வைத்தவர் பையனைத் திட்டிவிட்டுத் தன் சினத்தை அடக்கப் பழக வேண்டும் என்று தீர்மானிப்பார். அழுகை என்று பெயர் வைத்தவர் தனக்கு வலித்தது எங்கே என்று பார்ப்பார். நாட்டியத்துக்கும் கவிதைக்கும் மட்டுமே உரியது என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் இந்தப் பட்டியலை ஒரு துண்டுத் தாளில் எழுதி நோட்டின் அட்டைக்குள் ஒட்டிக்கொள்ளலாம். பெயர் சரியாக அமைந்தால் உணர்ச்சியின் வேகம் தணிகிறது என்பதற்கு மூளை ஆய்விலும் சான்று உண்டு: மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், முகங்களில் தெரியும் உணர்ச்சிக்குச் சொல்லால் பெயர் வைக்கும்போது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப் பகுதியின் கிளர்ச்சி குறைந்தது.

எந்த மொழியில் எழுதுவது என்கிற ஐயம் சிலருக்கு உண்டு. நான் இந்தக் கட்டுரையை எழுதும் தமிழில் என் நோட்டை எழுதுவதில்லை. ‘மனம் துயருற்றது’ என்று எழுதினால் அது யாருடைய மனமோ என்று ஆகிவிடுகிறது. ‘ஒரே வெசனமா இருக்கு’ என்று எழுதினால்தான் அது என்னுடையது. ‘எளக்காரமா பேசிட்டான்’ என்பதில் இருக்கும் சுருக்கு ‘அவமதித்துவிட்டான்’ என்பதில் இல்லை. வீட்டில் எந்தப் பேச்சில் கோபப்படுகிறோமோ, எந்தப் பேச்சில் அழுகிறோமோ, அந்தப் பேச்சிலேயே எழுதுவதுதான் நல்லது.

தொடங்கும் முறை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விலை உயர்ந்த நோட்டு வேண்டாம். அதில் அழகாக எழுத வேண்டும் என்கிற பயம் வந்துவிடும். பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். நாள்தோறும் எழுத முடியாவிட்டால் வாரத்துக்கு மூன்று நாள் எழுதலாம். கைபேசியிலும் எழுதலாம், ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ குட் மார்னிங் அனுப்பினால் அங்கே போய்விடாமல் இருக்கும் மனவுறுதி எனக்கு இல்லை. முதல் வரி வராமல் பேனா நின்றால், ‘இப்போ மனசுல முதல்ல வர்ற ஆள் யார்’ என்று எழுதிப் பதில் எழுதத் தொடங்கலாம். ஆள் வந்துவிட்டால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும்.

தடுமாறும் இடங்களைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, நோட்டை நீதிமன்றம் ஆக்கிவிடுவது. என்றைக்காவது ஒருநாள் இதை யாராவது படிப்பார்கள், படித்து நம் பக்கமே நியாயம் என்று சொல்வார்கள் என்கிற நினைப்பு, எழுதுகிறவருக்குத் தெரியாமலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அடையாளம் எளிது: பக்கம் முழுவதும் அடுத்தவர் செய்ததே இருக்கும், எழுதுகிறவர் செய்தது ஒரு வரிகூட இருக்காது. இரண்டாவது, ஒரே குறையைச் செக்கு மாடுபோலச் சுற்றுவது. மூன்று நாள் தொடர்ந்து ஒரே பொருளை ஒரே சொற்களில் எழுதியிருந்தால், நான்காம் நாள் ‘நான்’ என்பதை விட்டுவிட்டு, தன்னை வேறொருவராக வைத்து எழுதிப் பார்க்கலாம். தன்னைப் பெயர் சொல்லியோ, நீ என்று விளித்தோ நினைத்துப் பார்க்கிறவர்களுக்குப் பதற்றம் குறைகிறது என்று ஈத்தன் கிராஸ் குழுவினர் 2014இல் எழுதியிருக்கிறார்கள். நமக்கு இது கடினமே இல்லை. ‘ஏல, அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான், ஒனக்கு அங்க என்ன சோலி?’ என்று தனக்குத்தானே ஓர் அண்ணனாக இருந்து எழுதும் வரிக்கு, நான் நான் என்று புலம்பும் பத்து வரிக்கு இல்லாத தெளிவு உண்டு.

மூன்றாவது, அந்தரங்கம். இரண்டு அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒரு நோட்டை ஒளித்துவைப்பது எளிதன்று; படித்துவிடுவார்களோ என்கிற பயம் இருந்தால் எழுத்து பொய்யாகிவிடும். அப்படிப்பட்டவர்கள் மிகவும் சுடுகிற பொருளைத் தனித்தாளில் எழுதிக் கிழித்துவிட்டு, நோட்டில் தேதியும் தமக்கு மட்டுமே புரியும் ஒரு சொல்லும் குறித்துக்கொள்ளலாம். கிழித்த தாளை ஆற்றில் விடுவது ஒரு சடங்குபோல் நன்றாயிருக்கும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். தாமிரபரணிக்குப் பாபநாசத்தில் மக்கள் விட்டுப்போகும் துணிகளே போதும். நம் மனத்துயரத்தையும் அது சுமக்க வேண்டாம்.

எழுதக் கூடாத நேரமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது; திருநெல்வேலியில் சந்திப்பு, வண்ணார்பேட்டை என்று ஆற்றின் இருபுறமும் வெள்ளம் புகுந்தது. வீட்டுக்குள் கழுத்தளவுத் தண்ணீரைப் பார்த்தவரிடம், சேறு காயுமுன் நோட்டைக் கொடுத்து, உணர்ந்ததை எழுது என்பது கொடுமை. அப்போது வேண்டியவை சோறும் மாற்றுத்துணியும் பக்கத்தில் ஆளும். பெரிய அதிர்ச்சியை அவரவர் விரும்பும்போது, ஆற அமர, எழுதினால் போதும்; எழுதும்போது தாங்க முடியாமல் நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிட்டு வேறு பொருளுக்குப் போய்விடலாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால் அது நோட்டுக்கு உரிய பொருளே அன்று. ஒன்றிய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், எப்போதிலிருந்து தூக்கம் இல்லை என்று மருத்துவர் கேட்கும்போது தேதியோடு பதில் சொல்லலாம்.

இனிப் பேரேடு. நான் நாள்வழியை ஆறு வாரம் எழுதிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், சிவப்பு மை பேனாவோடு முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். தலைப்புகளை முன்கூட்டியே வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கோபம், கவலை, மகிழ்ச்சி என்று பக்கம் பிரித்துவைத்துக்கொண்டு நிரப்பினால் ஏற்கெனவே தெரிந்ததுதான் மறுபடியும் கிடைக்கும். படிக்கும்போது எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறதோ அதன் கீழ் கோடு போட வேண்டும். அந்தச் சொல்லே தலைப்பு. நான் எதிர்பார்த்தது ‘எரிச்சல்’ என்ற சொல்லை. கோடு விழுந்ததோ ‘சரின்னுட்டேன்’ என்பதில். ஆறு வாரத்தில் பதினோரு இடம்.

அதை ஒரு பக்கத்தின் தலையில் எழுதி, பதினொன்றையும் தேதியோடு கீழே ஏற்றினேன். நான்கு, சென்னையிலிருந்து அண்ணன் பேசியவை. சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்குச் சிறிது வயல் உண்டு. அதை விற்றுவிடலாம் என்பது அவர் விருப்பம், பிசான நெல் பருவத்துக்கு நடவு நடும் வயலை விற்பதில் எனக்கு விருப்பமில்லை, ஆனால் நான்கு முறையும் “சரிண்ணே” என்று சொல்லிப் போனை வைத்திருக்கிறேன். இரண்டு, அலுவலகத்தில் மற்றொருவர் வேலையை ஏற்றுக்கொண்டது. ஒன்று, கோயில் கொடைத் திருவிழாவுக்கு என் கைக்கு மீறிய வரியை ஒப்புக்கொண்டது. மீதி நான்கும் இன்னும் சிறியவை. எதிர்வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வண்டி நிறுத்தியதுகூட அதில் ஒன்று. பிறகு ஒவ்வொரு தேதிக்கும் அடுத்த இரண்டு நாட்களில் என்ன எழுதியிருக்கிறேன் என்று நாள்வழியைப் புரட்டினேன். பதினொன்றில் எட்டுக்குப் பின்னால், ஒன்று தலைவலி இருந்தது, அல்லது வீட்டில் நான் சத்தம் போட்டது இருந்தது. ஐம்பது வயதுவரை நான் முன்கோபி என்றே என்னைப் பற்றி நினைத்திருந்தேன். வீட்டில் உள்ளவர்களும் அப்படியே நினைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் இருந்தவன் முன்கோபி அல்லன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் வந்துவிட்டு, சொல்லக் கூடாத இடத்தில் கத்துகிறவன்.

அண்ணனிடம் பேசிய அன்று இரவு எழுதிய பக்கத்தை மட்டும் எத்தனை முறை படித்தாலும் இது தெரிந்திருக்காது. பத்திரிகையில் பாபநாசம் அணை 92 அடி என்று போட்டிருந்தால், அந்த ஒரு நாள் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அணையின் முழு உயரம் 143 அடி என்பது தெரிந்து, பத்து நாளாக ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் பார்த்த பிறகுதான் விவசாயி நாற்றங்காலைப் பற்றி யோசிப்பார். மனத்தின் நீர்மட்டத்தையும் இப்படிக் குறித்துவைக்கலாம் என்று, நாள்தோறும் பக்கத்தின் மூலையில் பத்துக்கு இத்தனை என்று ஓர் எண்ணும் எழுதிவருகிறேன். திங்கட்கிழமைகளில் எண் தாழ்வதற்குக் காரணம் அலுவலகம் என்று நினைத்திருந்தேன். ஞாயிறு இரவு எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்பதோடு ஒட்டிப் பார்த்ததில் அலுவலகத்தின்மேல் பாதிப் பழி குறைந்தது.

பேரேடு ஏற்றுவதற்கு மாதம் ஒரு பிற்பகல் போதும். ஏற்றும்போது அறிவுரை எதுவும் எழுதிவிடக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். ‘இனிமேல் இப்படி இருக்க வேண்டும்’ என்று எழுதினால் அடுத்த மாதம் அந்த வரியைப் பார்க்க வெட்கப்பட்டே நோட்டைத் திறக்காமல் இருந்துவிடுவோம். தேதி, செய்தி, பக்க எண் மட்டும். வெளியே சொல்ல முடியாத தலைப்புகளும் உண்டு. ‘சந்தோசமா இருந்துச்சு’ என்று ஒரு பக்கத்தைத் திறந்தேன். அதில் ஏறியவற்றுள் பாதிக்குமேல் யாரோடும் பேசாமல் ஆற்றில் குளித்த காலைப்பொழுதுகள் என்பதை வீட்டில் இதுவரை சொல்லவில்லை.

‘சரின்னுட்டேன்’ பக்கத்துக்கு எதிரே ‘சரி வராதுன்னேன்’ என்று ஒரு பக்கம் திறந்துவைத்து ஐந்து மாதம் ஆகிறது. அதில் இதுவரை இரண்டு வரிகள் ஏறியிருக்கின்றன. ஒன்று, எதிர்வீட்டுக்காரரிடம் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னது. மற்றது போன மாதம், கொடை வரி கேட்டு வந்தவர்களிடம் சொன்னது. அண்ணன் இந்த ஞாயிற்றுக்கிழமை பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.